ஒரே கோவில், இரண்டு பாஸ்கா

2005-ஆம் வருடம், பெரிய சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி. இங்கிலாந்தில் ஒரு சின்ன நகரத்துக் கத்தோலிக்கக் கோவிலில் பாஸ்கா திருவிழிப்பு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின ராத்திரிப் பூசை, முடிந்து வெளியே வருகிறோம். எட்டு மணிக்குத் தொடங்கிய பூசை. பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழில் மூன்றை மட்டும் வாசித்து, திருமுழுக்கும் (ஞானஸ்நானம்) இல்லாமல் ஒன்றரை மணி நேரத்தில் ஃபாதர் முடித்துவிட்டார். கோவிலை ஒட்டி பங்கு மண்டபம். பங்கு என்றால் ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள். அங்கே எல்லா ஜன்னலிலும் வெளிச்சம். எட்டிப் பார்த்தால் வெள்ளை விரிப்பு போட்ட பெரிய சதுர மேசை, அதைச் சுற்றி நாற்காலிகள், கை நிறையப் பூக்கள், மூலையில் கிதார்கள், குழந்தைகளை முக்கி எடுக்க ஒரு தண்ணீர்த் தொட்டி. இன்னொரு பாஸ்கா திரியும் (பெரிய மெழுகுவர்த்தி) இருந்தது. சற்று முன் நாங்கள் கோவிலுக்குள் ஏந்திப் போனதைவிட ஒரு சாண் உயரம்.

என்னோடு நின்ற ஐரிஷ் பாட்டி நாற்பது வருஷமாக அந்தக் கோவிலுக்குப் பூ வைப்பவர். மண்டபக் கதவின் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார். பூட்டியிருந்தது. "கேக் விற்று, சீட்டு விற்று நாங்கள் கட்டிய மண்டபம் இது" என்றார். குரல் நடுங்கியது. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. கதவுக்கு உள்ளே இருந்தவர்களில் என் மனைவியும் ஒருத்தி.

நான் தூத்துக்குடிப் பக்கம். மனைவிக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து 2002-இல் வந்தோம். கோவில் சண்டை எனக்குப் புதுசு இல்லை. சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதற்காகப் பத்து வருஷம் பேசாமல் இருந்த சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு. ஆனால் ஊரில் சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே பூசையில் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். இங்கே பூசையே இரண்டாகிவிட்டது.

பிரித்தது நியோகேட்டக்குமெனல் வே என்கிற இயக்கம். இயக்கம் என்று சொன்னால் அவர்களுக்குப் பிடிக்காது, 'வழி' என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். 1964-இல் மாட்ரிட் நகரத்து ஓரத்தில் பலோமேராஸ் ஆல்தாஸ் என்ற குடிசைப் பகுதியில் கிகோ ஆர்குவேயோ என்ற ஓவியரும் கார்மென் எர்னாண்டஸ் என்ற பெண்ணும் தொடங்கியது. கருத்து எளிமையானது. நாமெல்லாம் கைக்குழந்தையில் திருமுழுக்குப் பெற்றவர்கள், அதற்கான தயாரிப்பு நமக்கு நடக்கவே இல்லை. ஆதித் திருச்சபையில் பெரியவர்கள் படிப்படியாகத் தயாரானதுபோல இப்போது நடந்து பார்ப்போம் என்பது. அந்த நடை முடிய பதினைந்து இருபது வருஷம்கூட ஆகும்.

பங்குத்தந்தை கூப்பிட்டால்தான் வருவார்கள். வெளியிலிருந்து ஒரு குழு வந்து, வாரத்துக்கு இரண்டு மாலை என்று ஏறக்குறைய இரண்டு மாதம் மறைக்கல்வி கொடுக்கும். கடைசியில் ஒரு வார இறுதியில் எல்லாரையும் வெளியே கூட்டிப்போய்த் தங்கவைப்பார்கள். அதற்கும் பிறகு நிற்கிறவர்கள் ஒரு குழுமம். வாரநாளில் ஒரு மாலை இறைவார்த்தை, சனிக்கிழமை ராத்திரி தனியாகத் திருப்பலி, மாதம் ஒரு ஞாயிறு முழுக்கக் கூடுதல். பாட்டெல்லாம் கிகோ எழுதியது, படமெல்லாம் கிகோ வரைந்தது. எந்த நாட்டில் பார்த்தாலும் அதே மேசை, அதே கிதார், பூசை முடிந்ததும் மேசையைச் சுற்றி அதே ஆட்டம்.

2003 இலையுதிர்காலத்தில் எங்கள் பங்குக்கு வந்தார்கள். நானும் நான்கு மாலை போனேன். பேச்சு நீளம், போவதை நிறுத்திவிட்டேன். மனைவி நிறுத்தவில்லை. நைட் ஷிஃப்ட், குளிர், பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாத வீடு. அந்தக் குளிர்காலத்தில் ஊரில் மாமா, அவளுடைய அப்பா, இறந்துபோனார். உடனே போக முடியவில்லை. அன்று சாயங்காலமே குழுமத்திலிருந்து பன்னிரண்டு பேர் வீட்டுக்கு வந்து, சோஃபா போதாமல் தரையில் உட்கார்ந்து சங்கீதம் சொன்னார்கள். ஒரு வாரத்துக்குச் சாப்பாடு வந்தது. பங்கிலிருந்து, அதாவது எங்கள் தரப்பிலிருந்து, ஒரு அனுதாப அட்டை வந்தது. தபாலில்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த மாதிரிக் குழுக்களைப் பற்றிப் பேசும்போது 'மயக்கிவிட்டார்கள்' என்று சொல்வது நமக்கு வசதி. அந்தச் சோஃபாவில் உட்கார நம்மில் யாரும் போகவில்லை என்பதை மறைக்க அது உதவும்.

அடுத்த வருஷம் பிரச்சினை மெல்ல மெல்ல ஏறியது. நான் காணிக்கை எண்ணுகிற குழுவில் இருந்தேன். ஞாயிறு பதினோரு மணிப் பூசை முடிந்ததும் சக்ரீஸ்தியில் (ஃபாதர் பூசைக்கு உடுத்தும் அறை) மேசையைப் போட்டு, கவர்களைப் பிரித்து, சில்லறையை வங்கிப் பைகளில் கட்டுவோம். கிஃப்ட் எய்ட் கவர் என்று ஒன்று இங்கே உண்டு. வரி கட்டுகிறவர் ஒரு பவுண்டு போட்டால் அரசாங்கம் அதன்மேல் 25 பென்ஸ் கோவிலுக்குக் கொடுக்கும். அதனால் ஒவ்வொரு கவருக்கும் நம்பர், யார் போடவில்லை என்பது எண்ணுகிறவனுக்குத் தெரிந்துவிடும். சனிக்கிழமை மண்டபத்துக்குப் போகிறவர்களின் நம்பர்கள் ஒவ்வொன்றாக நின்றன. அதில் எங்கள் வீட்டு நம்பரில் பாதியும் சேர்த்தி. அங்கே தனியாக ஒரு பை சுற்றும், செலவுக்குத் தேவையானது சேரவில்லை என்றால் மறுபடி சுற்றும் என்று மனைவி சொல்லித் தெரியும். கோவில் பாய்லர் பழுதானபோது பணமில்லை. சரி, எரிச்சல் வருமா வராதா?

அந்தப் பின்னணியில்தான் இரண்டு பாஸ்கா ராத்திரி. அவர்களுடையது பதினோரு மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை. அன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிற நாள் வேறு. மனைவி காலையில் வந்தபோது நான் எழுந்து தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "கிறிஸ்து உயிர்த்துட்டார்" என்றாள். நான் "கதவைப் பூட்டிக்கிட்டா?" என்றேன்.

ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 2-ஆம் தேதி, பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் இறந்தார். இரண்டு தரப்பும் அழுதது. அவர்களுக்கு அவர் 1990-இல் கடிதம் எழுதி, இந்த வழியைச் செல்லத்தக்க கத்தோலிக்க உருவாக்கப் பாதை என்று ஏற்றுக்கொண்டவர். எங்களுக்கு அவர் எங்கள் போப். துக்கத்தில்கூட யார் உரிமைக்காரர் என்று ஒரு சின்னப் போட்டி ஓடியது.

மே மாதம் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, கடிதம். எழுதியது நான், அறுபது சொச்சம் பேர் கையெழுத்து. யாரோ கிளிஃப்டன் மறைமாவட்டத்துச் செய்தித் துணுக்குகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிரிஸ்டல், செல்ட்டனம், குளோஸ்டர் பகுதிகளைக் கொண்ட மறைமாவட்டம் அது. அங்கே இதே வழி மூன்று பங்குகளில் வேரூன்றி, மக்கள் வருஷக்கணக்கில் முறையிட்டு, 1996-இல் ஆயர் மெர்வின் அலெக்சாண்டர் ஒரு விசாரணை வைத்தார். அந்தப் பங்குகளில் வழி பிளவைத்தான் கொண்டுவந்தது என்று அறிக்கை வந்தது. தன் மறைமாவட்டத்தில் அது இயங்கக் கூடாது என்று ஆயர் நிறுத்திவிட்டார். நமக்கும் அதே தீர்ப்பு கிடைக்கும் என்று நினைத்து கடிதத்தை அள்ளி நிரப்பினேன். 'மதக்கும்பல்' என்று எழுதினேன், 'மூளைச்சலவை' என்று எழுதினேன். 'பாஸ்கா இரவில் பங்கு மக்களை வெளியே வைத்துக் கதவைப் பூட்டினார்கள்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

மூன்று வரியில் பதில் வந்தது. அப்புறம் ஒரு மாதம் கழித்து, எங்கள் வட்டாரப் பங்குகளுக்குப் பொறுப்பான மறைவட்ட முதன்மை குரு எங்களில் நான்கு பேரைக் கூப்பிட்டார். தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "இதை எல்லாம் முதலில் உங்கள் பங்குத்தந்தையிடம் சொன்னீர்களா?" இல்லை. "மூளைச்சலவை என்றால் யாருக்கு, என்றைக்கு, என்ன நடந்தது?" யாரும் பேசவில்லை, நான் பெயர் சொன்னால் என் மனைவி பெயரைத்தான் சொல்ல வேண்டும். மூன்றாவது கேள்வியில் நான் தொலைந்தேன். "கதவு பூட்டியிருந்தது சரி. தட்டினீர்களா?"

தட்டவில்லை.

அவர் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. ரோமே சட்டங்களுக்கு ஒப்புதல் கொடுத்த ஒன்றை (2002-இல் சோதனை முறையாகக் கொடுத்திருந்தது) மதக்கும்பல் என்று எழுதினால், அதைப் படிக்கிற எந்த அலுவலகமும் மீதிப் பக்கங்களைப் படிக்காது என்றார். கிளிஃப்டன் ஆயர் செய்தது கிளிஃப்டனுக்கு. ஒவ்வொரு ஆயரும் தன் மறைமாவட்டத்துக்குத்தான் முடிவெடுக்க முடியும். திருச்சபைச் சட்டம் 212 பொதுநிலையினர் தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குச் சொல்லலாம், சில சமயம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. ஆனால் கருத்து என்றால் நீ கண்டது, கேள்விப்பட்டது அல்ல. இப்படியே ஒரு பாடம் எடுத்து அனுப்பினார்.

வீட்டில் இதைவிட மோசம். கடிதத்தின் நகல் கம்ப்யூட்டரில் கிடந்தது, மனைவி படித்துவிட்டாள். பதினொரு நாள் பேச்சு இல்லை. பன்னிரண்டாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "அந்தக் கதவு கொக்கி சரியா மாட்டாது. காத்தடிச்சா தானா தொறந்துக்கும். தொட்டில நனையப் போற பிள்ளைங்களுக்குக் குளிருமேன்னு உள்ள பூட்டுனது. பக்கத்து வாசல் தொறந்துதான் இருந்துச்சு. ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

அறுபது பேர் கையெழுத்துப் போட்ட ஒரு குற்றச்சாட்டு, ஒரு கெட்டுப்போன கொக்கி. ஐரிஷ் பாட்டியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை, இரண்டு வருஷம் நம்பவில்லை.

ஆனால் கொக்கி விளக்கத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். ஒரே வளாகத்தில் இரண்டு பாஸ்கா என்பது கொக்கியால் வந்ததல்ல. எங்கள் பூசை சுருங்கியதற்கு அடுத்த பூசைக்கு ஃபாதர் தெம்பு வைத்துக்கொண்டதுதான் காரணம். எங்கள் பங்கில் பிறந்த குழந்தைக்கு எங்கள் கண் முன்னால் தண்ணீர் ஊற்றாமல் மண்டபத்துக்குத் தள்ளிவைத்ததும் நிஜம். இவை எதுவும் என் கடிதத்தில் இல்லை! அடிக்கோடு போட்டதெல்லாம் சந்தேகம், கண்டதையெல்லாம் விட்டுவிட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் இன்னொரு கடிதம் இணையத்தில் வந்தது. ரோமில் பூசை முறைகளைக் கவனிக்கும் வழிபாட்டுப் பேராயத்துக்கு அப்போது தலைவராக இருந்த கர்தினால் ஆரின்சே, வழியின் தலைவர்களுக்கு டிசம்பர் 1-ஆம் தேதி எழுதியது. மாதத்தில் ஒரு ஞாயிறாவது குழுமங்கள் பங்குத் திருப்பலியில் கலந்துகொள்ள வேண்டும். வாசகங்களுக்கு முன் சொல்லும் முன்னுரைகள் சுருக்கமாக இருக்க வேண்டும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து நற்கருணை வாங்குவதை அதிகபட்சம் இரண்டு வருஷத்துக்குள் மாற்ற வேண்டும். எனக்கு லாட்டரி அடித்த மாதிரி. அச்செடுத்து இரவுச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அது இரண்டாவது முட்டாள்தனம். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அதே தாளைப் பென்சிலோடு படித்தேன். அப்போதுதான் இது ஆயுதம் இல்லை, விண்ணப்பம் எழுத நல்ல படிவம் என்று பட்டது. வழியை ஒழிக்கச் சொல்லி அதில் ஒரு வரி இல்லை. அவர்களே கீழ்ப்படிய வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. ஜனவரியில் புதிய பாப்பரசர் பெனடிக்ட் அவர்களைச் சந்தித்து, அந்த நெறிமுறைகளைக் கவனமாகப் பின்பற்றுவார்கள் என்று எதிர்பார்ப்பதாகச் சொன்னார். ஆக, கேட்டால் மறுக்க முடியாததை மட்டும் கேட்பது என்று முடிவு செய்தோம்.

பங்குப் பேரவைக்கு அரைப்பக்கம் எழுதினேன். உரிச்சொல் ஒன்றுகூட இல்லை, தேதியும் நேரமும்தான். கேட்டது மூன்று. சனிக்கிழமை மண்டபத் திருப்பலியின் நேரமும் இடமும் மற்றப் பூசைகளைப் போலவே அறிவிப்புத் தாளில் வர வேண்டும், யாரும் போகலாம். மாதம் ஒரு ஞாயிறு குழுமத்தார் பதினோரு மணிப் பூசைக்கு வர வேண்டும். மண்டபத்தை யார் எப்போது எடுக்கிறார்கள், மின்சாரத்துக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் உள்ளதுபோல டைரியில் ஏற வேண்டும். ஃபாதர் படித்துவிட்டு, "இதில் நான் வேண்டாம் என்று சொல்ல எதுவும் இல்லையே" என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நடைமுறையில் பதினோரு மணிப் பூசைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் சேர்ந்து உட்கார்ந்தார்கள், அது வேறு கதை. ஆனால் நான் ஒரு சனிக்கிழமை மண்டபத்துக்குப் போனேன். அறிவிப்புத் தாளில் இருக்கிறதே! வாசகத்துக்குப் பிறகு ஆளாளுக்கு எழுந்து அந்த வார்த்தை தனக்கு என்ன சொல்கிறது என்று பேசினார்கள். கட்டட வேலை செய்யும் ஒரு போலந்துக்காரர், அண்ணனிடம் ஆறு வருஷமாகப் பேசவில்லை என்று சொல்லி நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நம் கோவிலில் அவர் எங்கே எழுந்து இதைச் சொல்ல முடியும்? அதே சமயம், மறையுரையில் பங்கு என்கிற சொல்லே 'அங்கே இருப்பவர்கள்' என்ற தொனியில்தான் வந்தது. ஞாயிற்றுக் கிறிஸ்தவர்கள் என்று ஒரு பிரயோகம். நான் அந்த ஞாயிற்றுக் கிறிஸ்தவன், மூன்றாவது நாற்காலி.

வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். குடும்பத்தில் ஒருவர் மட்டும் சேர்ந்திருக்கிறவர்களுக்கு இதுதான் உதவும். சில வருஷம் நடந்ததும் 'ஆய்வு' என்று ஒரு கட்டம் வரும். பணத்தின் மேல் உள்ள பிடியை விடுகிற அடையாளமாக, உள்ளதில் எதையாவது விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்வார்கள். கட்டாயம் இல்லை, ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் கொடுக்கும்போது கட்டாயம் இல்லை என்பதற்கு என்ன பொருள் என்பது நமக்குத் தெரியும். ஒரு நாள் அவள் கையைப் பார்த்தேன், வெறுங்கை. என் மாமியார் கல்யாணத்துக்குப் போட்ட இரண்டு வளையல், நாலு பவுன், லண்டன் சவுத்ஹாலில் விற்றாயிற்று. பணம் ஊரில் ஒரு மீனவ விதவைக்குப் போயிருந்தது. நல்ல காரியம்தான், ஆனால் எனக்குத் தெரியாமல் நடந்தது.

அன்று கத்தாமல் இருந்தது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். கேட்டேன்: "அங்க என்னைப் பத்தி ஏதாவது சொன்னியா?" அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "உங்களைப் பத்தி இல்லாம என் வாழ்க்கையைப் பத்தி எப்படிப் பேசுறது?" அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனம்) ஒரு குருவிடம் சொல்வது வேறு, முப்பது பேர் முன்னால் சொல்வது வேறு, அதில் நான் ஒரு ஆளாக வருவது பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி, ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினோம். மாதம் இருபது பவுண்டு வரை யாரும் யாரையும் கேட்காமல் கொடுக்கலாம், அதற்கு மேல் என்றால் பேச வேண்டும். தாலிச் சங்கிலியும் வீடும் பேச்சுக்கே இல்லை. வெளியே தங்கும் கூடுதல் என்றால் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். நம் படுக்கையறை விஷயம், என் அம்மா விஷயம் வெளியே போகக் கூடாது. பிள்ளைகள் பதினெட்டு ஆகும்வரை இரண்டு இடத்துக்கும் வரலாம், எதிலும் சேரக் கூடாது. இன்னும் ஒன்று அவள் எழுதியது: 'கேலி கூடாது.' எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. பின்னால் பத்தில் ஒரு பங்கு கொடுக்கிற கட்டம் வந்தபோது அந்தத் தாளில் இருபதை அடித்து வேறு எண் எழுதினோம். ஒரு முழு சாயங்காலம் பேசித்தான் எழுதினோம்.

2007-இல் ஃபாதர் மாற்றலாகிப் போனார். புதியவர் வழியைச் சேர்ந்தவரும் இல்லை, எதிரியும் இல்லை. 2008-இல் வழியின் சட்டங்களுக்கு ரோம் இறுதி ஒப்புதல் கொடுத்தது. சனிக்கிழமைத் திருப்பலி மற்ற விசுவாசிகளுக்கும் திறந்தது, பங்கின் பாஸ்கா திருவிழிப்பு வளமாக அமைய ஒத்துழைக்க வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. புதிய ஃபாதர் அதை எடுத்து இரண்டு தரப்பு முன்னாலும் வாசித்தார். இனி ஒரே பாஸ்கா, கோவிலில், ஏழு வாசகமும் உண்டு. விடியும்வரை இருக்க விரும்புகிறவர்கள் பிறகு மண்டபத்தில் சாப்பிட்டுப் பாடிக்கொண்டிருக்கலாம். எல்லாப் பங்குக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. ஜப்பானில் தக்காமத்சு மறைமாவட்டத்தில் வழியின் செமினரியை (குருக்களாகப் போகிறவர்கள் படிக்கும் இடம்) மூடும் அளவுக்குப் போனது. 2010 டிசம்பரில் ஜப்பானிய ஆயர்கள் ரோமுக்கே போய், ஐந்து வருஷம் நிறுத்திவைக்கக் கேட்டும் கிடைக்கவில்லை. குவாம் தீவில் செமினரிக் கட்டடம் யார் கையில் என்பதிலேயே பெரிய சண்டை.

நான் இன்றும் சேரவில்லை, சேரவும் மாட்டேன். மனைவி இன்றும் சனிக்கிழமை போகிறாள்.

முதல் ஒற்றைப் பாஸ்காவுக்கு 2009-இல் ஐரிஷ் பாட்டியை நான்தான் காரில் கூட்டிப்போனேன். ஆர்கன் ஒரு சங்கீதம், கிதார் ஒரு சங்கீதம் என்று மாறி மாறி வந்தது. நாலாவது வாசகத்தில் பாட்டி தூங்கிவிட்டார். ஐந்தாவதில் விழித்து, மணியைப் பார்த்து, என் காதில், "இன்னும் எத்தனை இருக்கிறது?" என்றார்.

"இரண்டு. அப்புறம் திருமுகம், நற்செய்தி" என்றேன்.

"யார் இத்தனை கேட்டது?"

"நாம்தான் பாட்டி. கையெழுத்துப் போட்டு."